அச்சம் காத்த மண்கோட்டைகள்

அயர்லாந்து நாட்டின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே வட்ட வடிவான மண்கரைகள் பல உள்ளன. கரையின் புறத்தே அகழி. கரையின்மேல் வெண்ணிறப் பூப்பூக்கும் முள்மரங்கள். சுற்றுப்புறம் முழுவதையும் உழுத உழவர், இவ்வட்டத்தின் விளிம்பை அடைந்ததும் ஏரைத் திருப்பிக்கொண்டனர். ஒரு சாண் நிலத்தையும் வீணாக்க இயலாத ஏழை உழவர்கூட இதனைத் தொடவில்லை. ஏன்?

‘ராத்’ என்றும் ‘லிஸ்’ என்றும் வழங்கும் இவை, பெரும்பாலும் கி.பி. 500 முதல் 1000 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. கோட்டை என்பது பெயரளவே; உழவர் குடும்பங்கள் தம் கால்நடைகளோடு வாழ்ந்த மனைகளே இவை. காலப்போக்கில் வாழ்ந்தவர் மறைந்தனர்; அவர்தம் நினைவும் மறைந்தது. வெறுமையான வட்டத்தில் மக்களின் கற்பனை வேறு சிலரைக் குடியேற்றியது.

‘தூவா டே டானன்’ என்னும் தொல்குடியினர் போரில் தோற்று நிலத்தடியில் புகுந்தனர் என்பது ஐரியப் பழங்கதை. அவர்களே ‘ஷீ’ எனப்படும் அணங்குகள் என மக்கள் நம்பினர். பெயர் சொல்லவும் அஞ்சி, ‘நல்லவர்கள்’ என்றே குறித்தனர். சில கோட்டைகளின் அடியில் பொருள்களைச் சேமிக்கவும் பகைவருக்கு ஒளியவும் பயன்பட்ட கற்சுரங்கங்கள் உண்டு. அவை இந்நம்பிக்கைக்கு மேலும் வலுவூட்டின. கரையை வெட்டினால் நோய் வரும். முள்மரத்தைச் சாய்த்தால் கால்நடை மடியும். இரவில் உள்ளிருந்து இசை எழும் என்றெல்லாம் பேசிக்கொண்டனர்.

1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள் தம் ஊர் முதியோரிடம் கேட்டறிந்த வழக்காறுகளை ஏடுகளில் எழுதினர். கோட்டைக் கதைகள் பலவும் அவ்வாறே பதிவாயின. பாட்டன்மார் நாவில் இருந்தவை பேரப்பிள்ளைகளின் கையெழுத்தில் நிலைபெற்றன.

பின்னர் வேளாண் பொறிகள் பெருகின, அச்சம் தளர்ந்தது, கரைகள் பல தரைமட்டமாயின. எனினும், அடையாளங் காணப்பட்ட கோட்டைகள் 40,000க்கும் மேற்பட்டவை. இன்று சட்டமும் அவற்றுக்குக் காவலாக நிற்கிறது.

உழவர் அஞ்சியது அணங்கின் இல்லத்தை. அவ்வச்சம் காத்ததோ, தம்மைப் போலவே ஏரும் மாடும் கொண்டு வாழ்ந்த முன்னோரின் இல்லத்தை. அறியாமலே ஆற்றிய அக்காவலை அறிந்து ஆற்றுவதே இனிவரும் தலைமுறையின் கடன்.