ஏறலாம் ஒரு மலை, பார்க்கலாம் ஒரு மலை

சாத்தம் படகுத்துறையில் கிளம்பும் ஃபெர்ரி கால் மணி நேரத்தில் எதிர்க்கரையைத் தொட்டுவிடுகிறது. அந்தக் கரைதான் பாம்பூஃப்ளாட். மீன்கூடைகளும் காய்கறி மூட்டைகளும் முண்டியடித்து இறங்க, இந்தி, வங்காளம், மலையாளம், நடுவே தமிழ் என்று எல்லாம் கலந்து ஒலிக்கிறது. முதுகில் பையும் காலில் புத்தம்புது ஷூவுமாக இறங்குபவர்கள் மட்டும் தனியாகத் தெரிகிறார்கள். மலையேற வந்தவர்கள். இவர்களில் சிலருக்குச் சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தமானில் எரிமலை இருக்கிறது என்று படித்துவிட்டு வந்தவர்கள், எதிரே பச்சைப் போர்வை போர்த்து நிற்கும் மலைதான் அது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அது மவுண்ட் ஹாரியட். உயரம் 383 மீட்டர். கடலடியில் படிந்த வண்டல் இறுகிப் பாறையாகி, நிலத்தட்டுகள் மோதியபோது மேலே தூக்கப்பட்ட மலைத்தொடரின் ஒரு துண்டு. இதற்குள் நெருப்பு இல்லை.

நெருப்பு இருப்பது இங்கிருந்து வடகிழக்கே கடலில் சுமார் 135 கிலோமீட்டர் தள்ளி, பாரன் தீவில். மனித வாசமே இல்லாத அந்தத் தீவுதான் இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் சுமார் 350 மீட்டர். ஹாரியட்டை விடக் கொஞ்சம் குள்ளம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது தலை மட்டும்தான். உடம்பு இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடல்தரையில் ஊன்றியிருக்கிறது. இந்திய நிலத்தட்டு பர்மா தட்டுக்கு அடியில் சரிந்து நுழைவதால் ஆழத்தில் பாறை உருகி மேலே வருகிறது. சுமத்ரா எரிமலைகளுக்கும் இதே கதைதான்.

அதே சரிவின் இன்னொரு முகத்தை பாம்பூஃப்ளாட்வாசிகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வடிந்த பிறகும் தாழ்வான இடங்களில் கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து, 2005 மே கடைசியில், பாரன் எரிமலை கக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கருதும் புவியியலாளர்கள் இருக்கிறார்கள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்துவிட்டு 1991இல் விழித்த எரிமலை இது. பிறகு 1994-95, 2005, 2017, 2018, 2025 செப்டம்பர் என்று குமுறிக்கொண்டே இருக்கிறது. இதன் உச்சிக்குப் பத்திரமாக ஏறுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஏறக்கூடாது. சுற்றுலாப் பயணிகள் தீவில் கால் வைக்க அனுமதி இல்லை. கப்பலில் இருந்தபடியே, கரிய சாம்பல் சரிவையும் வாயிலிருந்து கிளம்பும் புகையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இதை அதிகாரிகளின் வீண் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் ஜப்பானின் ஒன்டாகே மலையை நினைத்துக்கொள்ளலாம். 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலையுதிர்கால அழகைப் பார்க்க உச்சியில் கூட்டம். எச்சரிக்கை அளவு மிகக் கீழ்ப்படியில்தான் இருந்தது. மதிய உணவு நேரத்தில் மலை வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். வந்தது எரிகுழம்பு அல்ல. நிலத்தடி நீர் சூடேறி ஆவியாக வெடித்துக் கற்களை வாரி இறைத்தது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் ஒயிட் தீவிலும் இப்படித்தான். கூட வழிகாட்டிகள் இருந்தார்கள். தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் பிழைக்கவில்லை. நல்ல ஷூவும் நல்ல வழிகாட்டியும் ஆவி வெடிப்புக்கு முன்னால் எந்த மூலை?

ஆக, பாம்பூஃப்ளாட்டில் இறங்கியவர்கள் ஹாரியட்டில் ஏறுவதே புத்திசாலித்தனம். கடலோரச் சாலையில் சென்று ஹோப்டவுன் அருகே மேலே திரும்பினால் உச்சி வரை ஜீப் போகும். நடப்பவர்களுக்குச் செங்குத்தான காட்டுப் பாதை. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்புறப் படம் இதுதான் என்று சொல்லி, வடக்கு விரிகுடா கலங்கரை விளக்கம் தெரியும் வளைவில் எல்லா வண்டிகளும் நிற்கின்றன. உச்சியிலிருந்து காட்டுக்குள் காலாபத்தர் வரை ஒரு பாதை. அதையும் தாண்டி மதுபன் கடற்கரை வரை இறங்குவது ஒரு நாள் வேலை. வழி தெரிந்தவர் இல்லாமல் அதில் இறங்குவது விவேகமல்ல. மழைக்காலத்தில் அட்டைகள் காலைப் பதம் பார்த்துவிடும்; களிமண் வழுக்கும்.

அதைவிட முக்கியம் கடிகாரம். டெல்லியின் நேரத்தைத்தான் அந்தமானும் வைத்திருக்கிறது. ஆனால் சூரியன் அதைக் கேட்பதில்லை. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே மறைந்துவிடுகிறது. ஊர் நினைப்பில் நான்கு மணிக்கு ஏறத் தொடங்குபவர் இருட்டில்தான் இறங்குவார்.

இருட்டில் இறங்கியவர்களில் மிகப் பிரபலமானவர் வைஸ்ராய் மேயோ பிரபு. 1872 பிப்ரவரி 8 அன்று ஹாரியட் உச்சியில் சூரிய அஸ்தமனத்தை ரசித்தார். நோயாளிகளுக்கு இங்கே ஒரு சுகவாசஸ்தலம் அமைக்கலாமா என்பதும் அவர் மனதில் இருந்தது. தீவட்டி வெளிச்சத்தில் ஹோப்டவுன் படகுத்துறைக்கு வந்தபோது, இருளில் மறைந்திருந்த ஆயுள் கைதி ஷேர் அலி கத்தியுடன் அவர் முதுகில் பாய்ந்தார். மேயோ பிழைக்கவில்லை, மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார்.

ஹாரியட் என்பது 1860களில் இங்கே கண்காணிப்பாளராக இருந்த டைட்லரின் மனைவியின் பெயர். 1891 போரில் தோற்று நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் மன்னர் குலச்சந்திரனும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்த மலையில் காவலில் இருந்தார்கள். அவர்கள் நினைவாக 2021இல் இது மவுண்ட் மணிப்பூர் ஆனது. 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் பழைய பெயர்கள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. பாம்பூஃப்ளாட்டில் ஜீப்பைப் பேரம் பேசும்போது ஹாரியட் என்றால் போதும். திரும்பும் ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.