தோக்கியோ நகரில் ஒரு பகல்

பழம்பெரும் ஊரொன்றைக் காணச் செல்வோர் பழங்கற்களைத் தேடுவது இயல்பு. மதுரைக்கும் தஞ்சைக்கும் பொலன்னறுவைக்கும் சென்று பழகியவர்கள் நாம். தூணைத் தடவிப் பார்ப்போம், "இஃது எந்த நூற்றாண்டு?" என்று வினவுவோம். யப்பானின் தலைநகராகிய தோக்கியோவில் அவ்வினாவை எழுப்புவோர்க்குக் கிடைக்கும் விடை, பெரும்பாலும் நம் தந்தையர் பிறந்த காலத்தை ஒட்டியே நிற்கும்.

ஏனெனில், அந்நகரம் சென்ற நூற்றாண்டில் இருமுறை எரிந்தது. 1923ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆந் திகதி, வீடுதோறும் மதிய உணவுக்கு உலையேற்றியிருந்த வேளையில் நிலம் நடுங்கிற்று. அடுப்புகளிலிருந்து பரவிய தீ மரவீடுகளைப் பற்றிக்கொண்டது. தோக்கியோவிலும் அயற்புறங்களிலும் 100,000 பேருக்கு மேல் மாண்டனர். நகரை மீளக் கட்டியெழுப்பிய பின்னர், 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆந் திகதி நள்ளிரவில் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிந்தன. விடியுமுன் ஏறத்தாழ 100,000 உயிர்கள் போயின. பத்து இலட்சம் மக்கள் வீடிழந்தனர். இவற்றையெல்லாம் நூல்களிற் படித்துத்தான் சென்றோம். ஆயினும், அந்நிலத்தின்மீது நடந்தபொழுது தோன்றிய எண்ணங்கள் நூல்களில் இல்லாதவை.

எம் மூத்த மகன் யோக்கோகாமாவிற் கல்வி பயில்கின்றான். டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் அவனிடஞ் சென்றிருந்தபோது, அவனுக்கு வகுப்பிருந்த ஒரு நாளில், நானும் என் மனைவியும் தனியே தோக்கியோவைப் பார்க்கப் புறப்பட்டோம். "கின்சா பாதை என்னும் நிலக்கீழ்ப் புகையிரதத்தை விட்டு விலகவேண்டாம். ஒரு முனையிற் கோயில், மறுமுனையிற் பெருஞ்சந்தி. வழிதவறாது" என்று தாளொன்றில் எழுதித் தந்தான். பிள்ளைகளுக்கு வழிசொல்லிக் கொடுத்த காலம் மாறி, பிள்ளைகள் எமக்கு வழி எழுதித் தருங் காலம் வந்துவிட்டதே என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

முதலிற் சென்றது அசாக்குசா என்னும் பகுதியிலுள்ள சென்சோஜிக் கோயில். வாயிலின் நடுவே 700 கிலோகிராம் எடையுள்ள செந்நிற வெளிச்சக்கூடு தொங்குகின்றது. இருமருங்கும் காற்றுத் தேவனும் இடித் தேவனும் காவல் நிற்கின்றனர். வாயிலைக் கடந்தால் ஏறக்குறைய 250 மீற்றர் நீளத்துக்குக் கடைகள். நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கடைவீதி ஆண்டு முழுவதும் கலையாது நின்றாற் போன்ற காட்சி. 628ஆம் ஆண்டில் மீனவச் சகோதரர் இருவர் அருகிலுள்ள சுமிதா ஆற்றில் வலை வீசியபோது கன்னொன் உருவம் ஒன்று வலையில் வந்தது என்பது தலவரலாறு. வடமொழியில் அவலோகிதேசுவரர் என வழங்கும் போதிசத்துவரே யப்பானியருக்குக் கன்னொன். அவ்வுருவத்தை எவருக்குங் காட்டுவதில்லை.

1649ஆம் ஆண்டில் எழுந்த மூலமண்டபம் 1923ஆம் ஆண்டு நடுக்கத்துக்குத் தப்பி, 1945ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தது. இன்று நிற்பது 1958ஆம் ஆண்டிற் கட்டிய கொங்கிறீற்று மண்டபம். வாயிலின் கதையும் அத்தகையதே. 1865ஆம் ஆண்டில் எரிந்த அது, மின்பொருள் உற்பத்தியாளராகிய மத்சுசித்தா கொனோசுக்கேயின் நன்கொடையால் 1960ஆம் ஆண்டில்தான் மீண்டும் எழுந்தது. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் வாயிலின்றியே மக்கள் அக்கோயிலுக்கு வந்து போயினர்.

இதனை நான் விளக்கிக்கொண்டிருக்கையில் அவள் இடைமறித்தாள்.

"இஞ்சாருங்கோ, அப்ப இது பழைய கோயிலோ, புதுக் கோயிலோ?"

கல்லூரியில் இத்தகைய வினாவை விடுக்கும் மாணவனிடம், விடையை நாளைக்குச் சொல்வேன் என்று கூறி நழுவிவிடலாம். மனைவியிடம் அவ்வழி இல்லை. யப்பானியரின் தலையாய ஆலயமாகிய இசேயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பழைய கோயிலைக் கழற்றி, அயலிலே புதுமரத்தால் அவ்வண்ணமே மற்றொன்றைக் கட்டுகின்றனர்; 2013ஆம் ஆண்டிற் கட்டியதே இப்போதுள்ளது; ஆயினும் அதனைப் புதுக்கோயில் என்று அங்கு எவருஞ் சொல்வதில்லை என்றேன். நம் ஊரிலும் பாலத்தாபனஞ் செய்து, கோபுரத்தைப் புதுக்கிக் குடமுழுக்காற்றியபின் கோயில் பழைய கோயிலாகத்தானே இருக்கின்றது என்றும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை, ஏற்றுக்கொண்டதாகவுந் தெரியவில்லை.

முற்றத்திலுள்ள பெருந் தூபக்குண்டத்தின் புகையை நோயுற்ற அங்கத்திற் படும்படி கையால் அளைந்துகொள்வது அங்கு வழக்கம். அவள் தன் முழங்காலுக்குப் புகை காட்டினாள். பின்னர், கோயில் வளவில் நிற்கும் கிங்கோ மரமொன்றின் அருகே சென்று நின்றாள். விசிறி வடிவான இலைகளையுடைய மரம் அது. 1945ஆம் ஆண்டுத் தீ தின்ற வடு அதன் அடிமரத்திற் கரிபடிந்து கிடந்தது. மேலே இலையெல்லாம் பொன்மஞ்சள். அவள் நெடுநேரம் அதனைப் பார்த்தாள்.

அம்மௌனத்தின் காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய குடும்பம் 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது. 2016ஆம் ஆண்டிற் காணி விடுபட்டுச் சென்று பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரந் தானும் ஒழுங்காக இல்லை. தூர்ந்த கிணறும் ஒரு பலாமரமுமே எஞ்சியிருந்தன. அந்த முதுசக் காணியை விற்றுவிடலாமெனக் கனடாவில் வாழும் அவளுடைய தமையனார் எழுதியிருந்தார். அவள் சம்மதமே குறை. "வீடில்லாத வளவிலை என்ன கிடக்கு?" என்பதே அதுவரை அவள் பேச்சாயிருந்தது. ஆயினும் விற்கச் சொல்லி மறுமொழி எழுதவுமில்லை. அவ்விடயத்தில் நான் வாய் திறப்பதில்லை. அது அவள் தாய் தந்தையர் வாழ்ந்த மண்.

கோயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தோம். அங்கே கொத்தோத்தொய்ப் பாலம் இருக்கின்றது. 1923ஆம் ஆண்டு அழிவின் பின்னர், 1928ஆம் ஆண்டிற் கட்டியது. 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து அவ்விரவில், இக்கரையிலிருந்தோர் அக்கரையிற் புகலிடம் உண்டென்றும், அக்கரையிலிருந்தோர் இக்கரையில் உண்டென்றும் எண்ணி ஓடினர். பாலத்தின் நடுவே இரு கூட்டமும் முட்டி அசையமுடியாது நின்றன. தீ அவர்கள்மேல் வந்தது. பாலத்தருகே பூங்காவில் நினைவுக்கல்லொன்று உண்டு. பாலத்தைப் புதுக்கியபோது அகற்றிய பழைய ஓரக்கற்களையும் அங்கே வைத்திருக்கின்றனர். பாலமோ இன்றும் வாகனங்களைச் சுமந்துகொண்டு நிற்கின்றது. அதற்கப்பால், 2012ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட 634 மீற்றர் உயரக் கோபுரம் வானை முட்டுகின்றது.

நினைவுக்கல்லின் முன் யாரோ வைத்த மலர்கள் இருந்தன. அவள் கைகூப்பி நின்றாள். பின்பு, என் விளக்கத்துக்கு அப்போதுதான் மறுமொழி சொல்பவள் போலச் சொன்னாள்:

"கோயிலைத் திருப்பிக் கட்டலாம். சனத்தைத் திருப்பிக் கட்டேலாது."

அதற்கு நான் என்ன சொல்ல இருக்கின்றது? தோக்கியோவின் வானளாவிய மாடங்களைப் புகழ்ந்து எழுதுவோர் இந்தப் பாலத்தடியிற் சிறிது நேரம் நின்றபின் எழுதுதல் நன்று.

சிறிது தூரத்தில் மத்சுச்சியாமா என்னும் சிறு மேடு. அதன்மேல் நம் பிள்ளையார் குடிகொண்டிருக்கின்றார். பௌத்த மந்திர மார்க்கத்தோடு சீனம் வழியாக யப்பானையடைந்த விநாயகர் அங்கே கங்கிதென் எனப் பெயர் பெறுகின்றார். ஆனைமுகம் படைத்த இருவர் தழுவி நிற்கும் கோலம் அவருக்குரியது. இங்கும் உருவம் மறைபொருளே. முள்ளங்கியும் பணப்பையும் அக்கோயிலின் சின்னங்கள். முள்ளங்கி உடல்நலத்தையும் இல்லற ஒற்றுமையையும், பணப்பை செல்வத்தையும் குறிக்கும். அடியார்கள் வெண்முள்ளங்கியையே படைக்கின்றனர்.

"பிள்ளையாருக்கு மோதகம் இல்லாமல் முள்ளங்கியே!" என்று வியந்தாலும், அவளே முன்சென்று ஒன்றை வாங்கிப் படைத்தாள். படைத்த முள்ளங்கிகளை அடியார்க்குப் பிரசாதமாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எமக்குங் கிடைத்தது. முழங்கை நீளமான அக்கிழங்கைப் பையிற் செருகிக்கொண்டே மீதி நகரத்தைப் பார்க்கலானோம்.

அசாக்குசாவிலிருந்து உவேனோவுக்குச் செல்லும் நிலக்கீழ்ப் பாதை 1927ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆந் திகதி திறக்கப்பட்டது. ஆசியாவில் இவ்வகையில் முதலாவது எனச் சொல்லப்படுவது. நகரம் எரிந்து நான்கே ஆண்டுகள் கழிந்த நிலையில் மண்ணுக்கடியிற் புகையிரதம் ஓட்டியிருக்கின்றனர்.

உவேனோவிலே சினோபாசு என்றொரு குளம். நடுவிலுள்ள தீவில் பென்சாயிதென் கோயில். பென்சாயிதென் என்பவள் நம் கலைமகளே. வீணைக்குப் பதிலாக அவளுக்குரிய வாத்தியம் பீவா. இக்கோயிலும் 1945ஆம் ஆண்டில் எரிந்து 1958ஆம் ஆண்டில் எழுந்ததே. கோயிலைச் சுற்றி நாட்டியிருக்கும் நினைவுக்கற்கள் எம்மைப் பெரிதும் கவர்ந்தன. உழைத்து ஓய்ந்த மூக்குக்கண்ணாடிகளுக்கு ஒரு கல். சமையற் கத்திகளுக்கு ஒரு கல். மனிதருக்கு உணவான மீனுக்கு ஒரு கல்! ஆயுத பூசையன்று ஏட்டுக்கும் அரிவாளுக்கும் பொட்டிடும் எமக்கு அவற்றின் பொருளை எவரும் உரைக்க வேண்டியிருக்கவில்லை. குளம் முழுதும் தாமரைத் தண்டுகள் காய்ந்து வளைந்து நின்றன. ஆடி மாதத்தில் அக்குளம் நிறையப் பூக்கும் என மகன் சொல்லியிருந்தான்.

பாதையின் மறுமுனை சிபுயா. நிலைய வாயிலில் ஹச்சிக்கோ என்னும் நாயின் சிலை. 1925ஆம் ஆண்டில் இறந்துபோன பேராசிரியரை எதிர்பார்த்து, தான் இறந்த 1935ஆம் ஆண்டுவரை நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த நாய் அது. 1934ஆம் ஆண்டில் நிறுவிய முதற்சிலையைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிட்டனர். அதனைச் செய்த சிற்பி 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் மாண்டார். இன்றுள்ள சிலையை 1948ஆம் ஆண்டிற் செய்தவர் அச்சிற்பியின் மகன். நகரமே சாம்பலாய்க் கிடந்த மூன்றாம் ஆண்டில், வீடு வாசலுக்கே வழியில்லாத வேளையில், ஒரு நாயின் சிலையை மீளச் செய்யவேண்டுமென்று சிலருக்குத் தோன்றியிருக்கின்றது!

சிலையை அடுத்துப் பெயர்பெற்ற சந்தி. எல்லாத் திசை வாகனங்களும் ஒருங்கே நிற்க, பாதசாரிகள் நாற்புறமிருந்தும் குறுக்கும் நெடுக்கும் ஒரே வேளையிற் கடக்கின்றனர். ஆயிரக்கணக்கானோர் கலந்தும் ஒருவரோடொருவர் மோதவில்லை. "உமக்குக் கால் நோகுதோ?" என்றேன். "புகை பிடிச்சபிறகு பரவாயில்லை" என்றாள். இருவரும் கடந்தோம், கடந்ததன் சுவையால் மீண்டும் ஒருமுறை இப்பக்கங் கடந்தோம்.

அன்றிரவு மகனுடைய சிறிய அறையில் முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே அவள் பேசினாள். "அந்தக் கிணத்தை ஒருக்கா இறைச்சுப் பாப்பம். வீட்டைப் பற்றிப் பிறகு யோசிப்பம். அண்ணையோடை நான் கதைக்கிறன்" என்றாள். என்ன நினைத்து அம்முடிவுக்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. எரிந்த மரமோ, பாலத்தடி மலர்களோ, நாயின் சிலையோ, எதுவாகவும் இருக்கலாம்.

பழைய ஊர்களைக் காணச் செல்லும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த நூற்றாண்டு என்று கேட்பதோடு நில்லாது, இதனை எத்தனை முறை கட்டினார்கள், கட்டியவர்கள் யார் என்றுங் கேளுங்கள். இழந்தவர்களே திரும்பவுங் கட்டினார்கள் என்ற விடை பல ஊர்களிற் கிடைக்கும்.

முள்ளங்கி தேங்காய்ப்பாற் கறியாயிற்று. மூவரும் உண்டோம்.