மாற்றச்சு

எம் வளவின் தென்கோடியில், கூரை சரிந்த கொட்டிலின் கீழ், பாட்டனார் காலத்துக் கூடார வண்டி ஒன்று நிற்கின்றது. நிற்கின்றது என்பதும் உபசாரமே. சில்லுகள் சாய்ந்து, கறையானுக்கு உறையுளாகிக் கிடக்கின்றது எனலே தகும். உழவு இயந்திரம் மலிந்த நெளுக்குளத்தில் இதனைப் புதுக்குவதா, விடுவதா என்னும் வினா சென்ற தை மாதத்தில் எழுந்தது. உணவு விடுதி நடத்தும் நகரத்து அன்பர் ஒருவர், தம் வாயிலில் அழகுக்கு நிறுத்த 75,000 ரூபா தருவதாகச் சொன்னார். புதுக்குதற்கோ 120,000 ரூபா செல்லும் என்றார் ஓடாவியார். மகள் பல்கலைக்கழகம் புகும் ஆண்டில், ஆசிரியர் ஒருவரின் வேதனத்துக்கு எது தகும் எனச் சொல்லவும் வேண்டுமோ?

அன்னையாரைக் கேட்டோம். மணமாகி வந்த ஆண்டில், வைகாசிப் பொங்கலுக்கு இவ்வண்டியிலேயே நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் சென்றவர் அவர். இரவெல்லாம் காட்டு வழி. உள்ளே வைக்கோற் படுக்கை. அச்சின் கீழே ஆடும் அரிக்கன் லாம்பு. பின்னர் போர் அவ்வழியை அடைத்தது. 2009 இல் போர் ஓய்ந்தபோது தந்தையார் இல்லை. "உன்ரை விருப்பம், தம்பி" என்றதோடு அன்னையார் அடுக்களைக்குட் போய்விட்டார்.

கல்லூரியிற் கற்ற காலத்து நிகழ்ச்சியொன்றை இங்கே கூறல் வேண்டும். உப்பு விற்கும் உமணர் தம் வண்டியின் கீழ் மாற்றச்சு ஒன்று கட்டிச் சென்றமையை ஔவையாரின் புறநானூற்றுப் பாடலிற் படித்து வீடு திரும்பினோம். குனிந்து நோக்கினால், எம் வண்டியின் கீழும் பாலை மரத்து அச்சொன்று! ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத தந்தையாரிடம், "ஐயா, புறநானூறு படிச்சனீங்களோ?" என்றோம். "நடுக்காட்டிலை அச்சு முறிஞ்சால் ஓடாவியை எங்கை தேடுறது, தம்பி?" என்றார்.

விற்பது என உள்ளத்தே முடிவு செய்திருந்த நாளில், ஓடாவியார் மீண்டும் வந்து வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். சில்லுக்கு 6 ஆக வட்டைகள் அனைத்தும் மாற்றப்படல் வேண்டும். இரும்புப் பட்டம் பழுதில்லை. அதனைச் செந்தழலிற் காய்ச்சி விரியச் செய்து, வட்டைமேல் ஏற்றி நீர் வார்த்தால், சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளுமாம். அச்சு உளுத்துப் போயிற்று. மாற்றச்சைச் சுத்தியலால் தட்டினார், வெண்கலம்போல் ஒலித்தது. "ஐயா கட்டிவைச்சது காணும்" என்றார்.

கூடாரத்தை மறு ஆண்டுக்கு ஒத்திவைத்தால் 70,000 ரூபாவுள் முடியும் எனக் கணக்கிட்டோம். சீட்டுக் காசு சித்திரையில் வரவிருந்தது. நகரத்து அன்பருக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். எருதுக்கு என்ன செய்வீர் என்பாருக்கு இன்றும் எம்மிடம் விடையில்லை.

ஓடாவியார் புறப்படும் வேளையில் அன்னையார் அடுக்களை வாயிலில் வந்து நின்று, "வைகாசிக்கு முன்னம் முடியுமே?" என்று கேட்டார்.