ஆயா பாஸ்... நான் அரியர்!

50 கோழி. ஒரு கோழிக்கு வருஷம் 300 முட்டை. ஒரு முட்டை 15 ரூபாய். எங்கே, பெருக்குங்க பார்க்கலாம்... 2,25,000 ரூபாய்! செலவு? மேய்ச்சல் கோழிதானே பாஸ், அதுவா மேய்ஞ்சு அதுவா வளரும். ஆக செலவு ஜீரோ!

சிரிக்காதீங்க. மூணாம் வருஷ மெக்கானிக்கல் மாணவனான அடியேன், செமஸ்டர் லீவுல எக்ஸெல் ஷீட்டில் போட்ட கணக்கு இது. கலர் கலரா சார்ட் வேற. போன வருஷம் ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கிற எங்க அம்மா ஊருக்குப் போனப்ப, சித்திதான் ஆரம்பிச்சு வெச்சாங்க. ''குழுவுல 60,000 கடன் தர்றாங்கடா. நாட்டுக்கோழி வெச்சு முட்டை விக்கலாமா? நீ படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லு!''

'படிச்சவன்'னு சொன்னா சும்மா இருப்போமா? போட்டேன். பிரின்ட் எடுத்தேன். சித்தி அதை மகளிர் குழுக் கூட்டத்துக்கே எடுத்துட்டுப் போய், 12 பேருக்கும் காட்டிட்டாங்க. குழுக் கடன்னா என்னன்னு தெரியும்ல? ஒருத்தர் தவணை கட்டலைன்னா, மத்த 11 பேர் தலையிலயும் விடியும். இது எனக்கு அப்ப உறைக்கலை.

உறைக்க வெச்சது ஆயா. வாசல்ல சாமையைப் புடைச்சுக்கிட்டே கேட்டுச்சு. ''ஏண்டா, கோழி அடையில உக்காந்தா யாருடா முட்டை வெக்கிறது? நீயா?''

அங்கே விழுந்துச்சு முதல் அடி!

நான் இன்டர்நெட்டுல சுட்ட அந்த 300, நாமக்கல் பண்ணைகள்ல கூண்டுல இருக்கிற வெள்ளை லெகார்ன் கோழியோட கணக்கு. அது அடையே உக்காராது. தினம் 110 கிராம் தீவனத்தை அளந்து வாங்கிட்டு முட்டை போடும். எங்க ஊர் சிறுவிடை அப்படியில்லை. 12, 15 முட்டை வைக்கும். அப்புறம் 21 நாள் அடை. அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிட்டு ரெண்டு மாசம் ஊர்வலம். வருஷத்துக்கு 60, 70 முட்டை தேறினா அதிகம்.

ஆயா கேள்வி கேட்க, நான் ஷீட்டைத் திருத்த... ராத்திரி பூரா வைவாதான். ''100 குஞ்சு வாங்குனா அத்தினியும் பொட்டையாவா இருக்கும்?'' பாதி சேவல். ''பருந்து, கீரி, காட்டுப்பூனைக்குப் பங்கு போட்டியா?'' போடலை. நூத்துக்கு 25 கழிச்சேன். மிச்சம் 75-ல கோழி 37. வருஷம் 60 முட்டைன்னு வெச்சா 2,220. விலை 15 ரூபாய்ங்கிறது போளூர் கடையில. மலைக்கு வர்ற வியாபாரி 12-க்குத்தான் எடுப்பார். போளூருக்கு நாமளே கொண்டு போகலாம்னா பஸ் சார்ஜும், மலைப்பாதையில உடையுற முட்டையும் நம்ம கணக்கு. ஆக, வருஷத்துக்கு 26,640 ரூபாய்.

இப்ப கடன் பக்கம் வாங்க. 60,000 ரூபாய், மாசம் 1 சதவிகித வட்டி, 24 மாசத் தவணைன்னா மாசம் சுமார் 2,825 ரூபாய். வருஷத்துக்கு 33,900. முட்டைக் காசு மொத்தத்தையும் கொடுத்தாலும் தவணைக்குப் பத்தாது. தீவனச் செலவை இன்னும் தொடவே இல்லை!

இதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு. குஞ்சு வாங்கினா முதல் முட்டை பார்க்க ஆறு மாசம் ஆகும். தவணையோ முதல் மாசமே வந்து நிக்கும். முட்டையே இல்லாம கிட்டத்தட்ட 17,000 ரூபாய் கட்டணும். எங்கிருந்து? சித்தி ஒண்ணும் சொல்லலை. காதுல கிடந்த தோட்டைத் தொட்டுப் பார்த்தாங்க. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

மறுநாள் குழுக் கூட்டத்துக்குப் போய், ''அக்கா, நான் போட்ட கணக்கு தப்பு''ன்னு 12 பேர் முன்னாடி சொன்னேன். அரியர் லிஸ்ட்ல பேர் பார்த்தப்பகூட அவ்வளவு கூசினதில்லை. ஒரு அக்கா மட்டும், ''இப்பவாச்சும் சொன்னியே''ன்னாங்க.

சரி, கோழியே வேணாமா? அங்கேயும் ஆயாதான் கை கொடுத்துச்சு. நான் நஷ்டம்னு எழுதின அடைதான் அதுக்கு லாபம்! 12 முட்டையை வித்தா 144 ரூபாய். அதையே அடை வெச்சா எட்டு, ஒன்பது குஞ்சு. அஞ்சாறு பிழைச்சாலும் அஞ்சு மாசத்துல சேவல் ஒண்ணு 400 ரூபாய். கரன்ட் இல்லாத இன்குபேட்டரை வீட்டுலயே வெச்சுக்கிட்டு நான் முட்டை விலையைப் பெருக்கிட்டு இருந்திருக்கேன்!

கடன் வாங்கலை. ஆயாகிட்ட இருந்த 8 கோழி, ஒரு சேவலோட ஆரம்பிச்சோம். எட்டு மாச நோட்டு இதோ: 96 முட்டை அடை வெச்சதுல 70 பொரிச்சது. 45 தங்குச்சு. அதுல 21 சேவலை வித்தது 8,400. 140 முட்டை வித்தது 1,680. ஆக வரவு 10,080. தீவனம், வலை, பஞ்சாரம் எல்லாம் சேர்த்து செலவு 4,100. மிச்சம் 5,980 ரூபாய். கூடவே 24 விடைக்கோழிங்க கையில.

பெருமையா சித்திகிட்ட நீட்டினேன். ''தினம் ஒரு மணி நேரம் இதுங்க பின்னாடியே ஓடுறேனே, அதுக்கு எம்புட்டு போட்ட?'' மறுபடியும் அடி! 240 மணி நேரம். வகுத்துப் பார்த்தா மணிக்கு 25 ரூபாய்கூட வரலை. அதையும் அப்படியே நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். விடைக்கோழிங்க முட்டை வைக்க ஆரம்பிச்சா அந்த 25 ஏறுதா, இல்லையான்னு பார்க்கணும். ஏறினாத்தான் கடனைப் பத்தி யோசிக்கிறதுன்னு சித்தி முடிவு.

நீங்களும் லீவுல 'பிசினஸ் பிளான்' போடப் போறீங்களா? என் செலவுல சில டிப்ஸ்...

* முதல் முட்டைக்கு முன்னாடி எத்தனை தவணைன்னு எண்ணுங்க. லாபக் கணக்கு அப்புறம்.

* 'வீட்டுச் சாமைதானே'ன்னு விடாதீங்க. சந்தையில வித்தா என்ன விலையோ, அதைத் தீவனச் செலவுல எழுதுங்க.

* வெள்ளைக் கழிச்சல் வந்தா மொத்தக் கோழியும் ஒரே வாரத்துல காலியாகிடலாம். ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. மருந்தை ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு வரணும். கால்நடை மருந்தகத்துல கேளுங்க.

* முட்டைதான் முக்கியம்னா கிராமப்பிரியா மாதிரி ரகத்தைப் பாருங்க. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கினது. நாட்டுக்கோழியைவிட ரெண்டு மடங்குக்கு மேல முட்டை வைக்கும். ஆனா, அடைக்கு நம்பாதீங்க.

* நாமக்கல் முட்டைக்கு தினமும் என்.இ.சி.சி. விலை சொல்லும். நம்ம முட்டைக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. வாங்குறவங்க யாருன்னு முதல்ல பாருங்க. பீமன் அருவிக்கு வர்ற டூரிஸ்ட்டுங்ககிட்ட சித்தி இப்ப 15 ரூபாய்க்கு விக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்!

அப்புறம்... ஷீட்டை பிரின்ட் எடுக்குறதுக்கு முன்னாடி, உங்க ஆயாகிட்ட ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடுங்க!