வேரின் மணமும் மண்ணின் மணமும்

 

ஊது, கஸ்தூரி, அம்பர் ஆகியவை குளிர் இரவுகளில் இதமளிப்பவை. ஆனால் சித்திரை வெயிலில், ஜும்ஆவின் நெருக்கமான வரிசையில், வியர்வையோடு கலந்து அவை எழும்போது பக்கத்தில் நிற்பவருக்குத் தலை கனத்துவிடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை நேசித்தார்கள். அன்பளிப்பாக வந்த நறுமணத்தை மறுக்கமாட்டார்கள். ஜும்ஆவுக்குக் குளித்து, மணம் பூசி வருமாறு நமக்குக் கற்றுத் தந்தார்கள். அதே நபியவர்கள், பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் அவ்வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்றும் தடுத்தார்கள். அடுத்திருப்பவருக்கு இதமளிப்பதே நோக்கம் என்பது இதனால் விளங்கவில்லையா?

எண்பது வயதை நெருங்கும் என் வாப்பா, "வெயிலுக்கு ஏத்த மாதிரி ஒரு அத்தர் வாங்கி வாப்பா" என்று கேட்டார்கள். நம்மூர்க் கடையொன்றில் 'கஸ்' என்று சீட்டு ஒட்டிய குப்பியை வாங்கிக் கொடுத்தேன். குத்பா முடியுமுன்பே மணம் போய்விட்டது. வெள்ளை ஜுப்பாவில் எண்ணெய்க் கறை மட்டும் தங்கிவிட்டது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே, அலுவல் நிமித்தம் கான்பூர் செல்ல நேர்ந்தபோது, அங்கிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கன்னோஜுக்கு ஒரு நாள் ஒதுக்கினேன். வாருங்கள், நீங்களும் உடன் வாருங்கள்.

அத்தர் வடிக்கும் ஊர்

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷப் பேரரசரின் தலைநகராய் விளங்கிய ஊர் கன்னோஜ். இன்று உத்தரப் பிரதேசத்தின் ஒரு சிறு நகரம். அரச மாளிகைகளைத் தேடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் கடைவீதியில் நுழைந்ததும் ரோஜா, மல்லிகை, தாழை என்று காற்றே கைப்பிடித்து அழைத்துச் செல்லும். கன்னோஜ் நறுமணப் பொருட்களுக்கு 2014-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வடிக்கும் முறை பழமையானது. 'டேக்' எனப்படும் பெரிய செப்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, விறகாலும் வறட்டியாலும் சூடேற்றுகிறார்கள். ஆவியானது, கயிறு சுற்றிய 'சோங்கா' என்னும் மூங்கிற் குழாய் வழியே இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமர்த்திய 'பப்கா' என்னும் செப்புக் குடத்தை அடைகிறது. அக்குடத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் காத்திருக்கும். குளிர்ந்து இறங்கும் மணத்தை அதுவே ஏந்திக் கொள்ளும். வெப்பமானி ஏதுமில்லை, குடத்தைத் தொட்டுப் பார்க்கும் தொழிலாளியின் உள்ளங்கையே அளவுகோல்.

சந்தன எண்ணெய் ஏந்தியது 'அத்தர்'. எண்ணெய்க் கலப்பின்றி மூலப்பொருளின் சாரம் மட்டும் வடிக்கப்பட்டது 'ரூஹ்'. ஆம், உயிரைக் குறிக்க நாம் வழங்கும் அதே அரபுச் சொல்தான்!

வேர்

கோடைக்கென அங்கே முதலில் நீட்டப்படுபவை இரண்டு. ஒன்று கஸ். அது நமக்குப் புதியதன்று. நம் வெட்டிவேரே அது. மேலைநாட்டார் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரும் நம் தமிழிலிருந்து சென்றதே. பானைத் தண்ணீரில் இந்த வேரைப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் மூங்கிற் சட்டங்களில் இவ்வேரைப் பொதித்து, நீர் தெளித்து, கோடையைக் குளிர்காலமாக்கிய செய்தியை அபுல் ஃபஸல் தமது 'ஆயினே அக்பரி'யில் பதிவு செய்திருக்கிறார்.

பூவைப் போல் வேர் எளிதில் தன் மணத்தை விட்டுக் கொடுப்பதில்லை. ஊறவைத்து, ஒரு நாளுக்கும் மேலாகப் பொறுமையோடு வடிக்க வேண்டும். செப்புப் பானையின் சேர்க்கையால் ரூஹ் கஸ் பசுமை நிறம் பெறுகிறது. முகர்ந்தால் முதலில் ஈரப்புல், பின்பு மரப்பட்டை, கடைசியில் இலேசான புகை. இனிப்பு மிகக் குறைவு. வெயிலில் திகட்டாமல் இருப்பதன் காரணம் அதுவே.

மண்

மற்றொன்று மண் அத்தர். 'மிட்டி' என்கிறார்கள். முதல் மழைத் துளி காய்ந்த நிலத்தில் விழும்போது எழுமே ஒரு வாசம், அதைக் குப்பியில் அடைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? மழைக்கு முந்திய கடுங்கோடையில் காய்ந்த மண்ணை எடுத்துப் பிசைந்து, வட்டுகளாகத் தட்டி, சூளையில் சுட்டு, அவற்றை டேக்கில் இட்டு வடிக்கிறார்கள். இம்மணத்துக்கு 'பெட்ரிகோர்' என்று 1964-இல் பெயர் சூட்டிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் கன்னோஜின் இந்தக் கைத்தொழிலைத் தம் கட்டுரையில் குறிப்பிட்டார்கள். அவர்கள் பெயர் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே, எழுத்தறியாத கைகள் அம்மணத்தை வடித்துக் கொண்டிருந்தன!

எது சிறந்தது?

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை போலத் தோன்றும். இரண்டிலும் ஈரம் உண்டு, நிலம் உண்டு, குளிர்ச்சி உண்டு. கண்ணை மூடி முகர்ந்தபோது முதற்கணத்தில் நானும் தடுமாறினேன். ஒரு மணிக்கையில் கஸ்ஸையும் மறு மணிக்கையில் மண்ணையும் தடவிக் கொண்டு, பகல் முழுதும் வெயிலில் சுற்றினேன். வேறுபாடு அப்போதுதான் புலனாயிற்று.

கஸ் வெயிலுக்கு அஞ்சவில்லை. வியர்க்க வியர்க்க அதன் பசுமை மெல்ல விரிந்தது. அஸர் வரையிலும் தெளிவாக இருந்தது. மண் அத்தரோ நண்பகலில் ஏறக்குறைய மறைந்தே போனது. மாலை, நிழலில் அமர்ந்தபோது சந்தனத்தின் மென்மையோடு திரும்பி வந்து உள்ளத்தைத் தொட்டது. வெளியே செல்வோருக்குக் கஸ். வீட்டில் ஓய்ந்திருப்போருக்கு மண் என்பது என் அனுபவம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. உங்கள் பணத்தைக் காப்பது அதுவே. வேருக்குச் சொந்த எண்ணெய் இருக்கிறது. ஆகவே அது ரூஹாகத் தனித்து நிற்க வல்லது. சுட்ட மண்ணுக்கோ எண்ணெய் ஏது? அதன் மணம் முழுவதும் தன்னை ஏந்தும் சந்தனத்தை நம்பியே வாழ்கிறது. அந்தச் சந்தனத்துக்குத்தான் இன்று பஞ்சம். மைசூரில் திப்பு சுல்தான் 1792-இல் அரச மரமென அறிவித்துப் பாதுகாத்த சந்தனம், பின்னாளில் அளவின்றி வெட்டப்பட்டும் கடத்தப்பட்டும் அருகிவிட்டது. எண்ணெய் விலை ஏறவே, பலர் அதற்குப் பதிலாகத் திரவ பாரஃபினைக் குடத்தில் ஊற்றுகிறார்கள். பாரஃபினில் வடித்ததை அப்படியே சொல்லி விற்றால் குற்றமில்லை. ஏழையும் மணம் பூசட்டும். சந்தன அத்தர் என்று சொல்லி விற்பதே மோசடி. குவியலுக்குள் நனைந்த தானியத்தை மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததன்றோ? வாப்பாவின் ஜுப்பாவில் படிந்த கறையின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது.

வாங்குவோர் கவனத்திற்கு

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது ரூஹா, அத்தரா? ஏந்திய எண்ணெய் எது? விலை தோலாவுக்கா, மில்லிக்கா? தோலா என்பது பதினொன்றரை கிராமுக்குச் சற்று அதிகம். நேர்மையான வியாபாரி இக்கேள்விகளால் முகம் சுளிப்பதில்லை. மணிக்கையில் ஒரு சொட்டுத் தடவி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து வாங்குங்கள். பெருந்தொகைக்கு வாங்குவோர், 1991-இல் கன்னோஜில் அமைக்கப்பட்ட மத்திய அரசின் நறுமண, சுவை மேம்பாட்டு மையத்தில் பரிசோதித்துக் கொள்ளலாம். கையில் பணம் குறைவென்றால் மண்ணை விட்டுக் கஸ்ஸையே தேர்ந்தெடுங்கள். அதிலும் சிறிய குப்பியில் ரூஹே நன்று. ஒரு சொட்டுப் போதும். துணியில் வேண்டாம், காதின் பின்புறமும் மணிக்கையும் போதுமானவை.

இரண்டு சிறு குப்பிகளோடு ஊர் திரும்பினேன். வாப்பா இரண்டையும் முகர்ந்தார்கள். கஸ்ஸை எடுத்து ஜும்ஆவுக்கு வைத்துக் கொண்டார்கள். மண் அத்தர்க் குப்பியை உம்மாவின் கையில் கொடுத்து, "நம்ம பழைய வீட்டு முத்தம் மாதிரி இருக்கு, பாரு" என்றார்கள். உம்மா முகர்ந்துவிட்டு நெடுநேரம் மூடியைத் திருகவேயில்லை. ஓடு வேய்ந்த அந்த வீடு கைமாறி முப்பது ஆண்டுகளாகின்றன.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும், பக்கத்திலிருந்த இளைஞர் வாப்பாவின் பக்கம் சாய்ந்து, "என்ன அத்தர் இது, பெரியவரே?" என்று கேட்டார். வாப்பா பதில் சொல்லுமுன் குப்பியை எடுத்து அவர் மணிக்கையில் ஒரு சொட்டுத் தடவினார்கள். கறையில்லாத அந்த ஜுப்பாவைப் பார்த்தவாறே நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அல்லாஹ் நம் வணிகத்திலும் நம் வரிசைகளிலும் தூய்மையைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.