தனி டம்ளர் தேவையில்லை

டிபி என்றதுமே இன்றும் பல வீடுகளில் நோயாளிக்குத் தனித்தட்டு, தனி டம்ளர்! கல்யாணப் பேச்சு வந்தால் நோயையே மறைத்துவிடுகிறார்கள். காசநோய் தட்டிலும் டம்ளரிலும் பரவாது. இருமும்போது காற்றில்தான் பரவும்.

முன்பெல்லாம் நோயாளியை சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் சத்தான சாப்பாடும் கொடுப்பார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள்! சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட இவர்கள் குடும்பத்தில் நோய் அதிகம் தொற்றவும் இல்லை.

ஆக, குணமாக்குவது மருந்துதான். ஆனால் அதை முழுசாகச் சாப்பிட வேண்டும். இப்போது வழக்கமான சிகிச்சை 6 மாதம். இருமல் குறைந்ததும் பாதியில் நிறுத்தினால், கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறிவிடலாம். பிறகு அதே கிருமி பக்கத்து வீட்டுக்கும் போகும். ஊருக்குப் பயந்து ஒளித்து மாத்திரை சாப்பிடுபவர் எத்தனை நாள் ஒழுங்காகச் சாப்பிடுவார்? யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.