ஆயாக்களின் முதுகு

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் 29 வருடம் சிறப்பாசிரியையாக வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் "பாவம், அந்தப் பிள்ளைகள்" என்பார்கள். அடுத்து, "உங்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை டீச்சர்" என்பார்கள். அங்கே இருந்த ஆயாக்களைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

எங்கள் பள்ளியில் 60 பிள்ளைகள், 7 ஆயாக்கள். டீச்சர்களாகிய நாங்கள் ஒன்பதரைக்கு வந்து நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவோம். எழுப்புவது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி வலிப்பு வந்தால் பக்கத்தில் விழித்திருப்பது எல்லாம் அவர்கள்தான். நிர்வாகத்தில் இதற்குச் 'சேவை' என்று பெயர். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சல் வரும். வேலை என்றால் கூலி கேட்கலாம், லீவு கேட்கலாம், இடுப்பு வலிக்கிறது என்று சொல்லலாம். சேவை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதைக் கேட்டாலும் கேட்பவளுக்குத்தான் மனசு சரியில்லை.

மூத்த ஆயா ஒருவர் இருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பொறுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். ஐந்து வயதில் வந்தவன்; பதினாலு வயதில் 38 கிலோ. பாயிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து குளிக்கிற ஸ்டூலுக்கு, மறுபடி நாற்காலிக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தூக்குவார். அதுவும் குனிந்து, தரையிலிருந்து. குளிப்பாட்டிய பிறகு உடம்பு வழுக்கும். இறுக்கம் உள்ள பிள்ளை திடீரென்று காலை விறைத்தால் இருவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம், நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவை உச்ச வரம்பாகச் சொல்லியிருக்கிறது. இதை நான் மிகப் பின்னால்தான் படித்தேன். அக்காவிடம் அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

52 வயதில் ஒருநாள் காலையில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. இடுப்பெலும்பில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் சொன்னார். இரண்டு மாதச் சம்பளமும் ஒரு புடவையும் கொடுத்து நிர்வாகம் அனுப்பிவிட்டது. "வயசாயிருச்சுல்லா, வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் மேலே இருந்தவர். அவருக்கு அப்போது வயது 61.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் பையன் எல்லா ஆயாக்களையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முடிந்தவரை தூக்காதே, நகர்த்து. நாற்காலியும் கட்டிலும் ஒரே உயரத்தில் இருந்தால், நடுவில் இழைத்த பலகையைப் பாலம்போல் வைத்துப் பிள்ளையை அதன்மேல் வழுக்கிக் கொண்டுபோய்விடலாம். எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் அந்தப் பலகையை ஒரே நாளில் செய்துகொடுத்தார். கட்டிலில் புரட்டுவதற்குப் பழைய பருத்திப் போர்வையை அடியில் விரித்து இரண்டு பேர் இழுப்பது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி இரண்டு பேராக. எண்ணுவது ஆயாக்களுக்காக மட்டுமல்ல. மூன்று என்றதும் அந்தப் பிள்ளைகளே உடம்பை முன்னால் சாய்த்துக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். ஒருவன் எங்களுக்கு முன்னால் அவனே "ஊணு" என்று எண்ணுவான்!

கடியும் முடியிழுப்பும் இன்னொரு கதை. சில பிள்ளைகள் கடிப்பார்கள், கொத்தாக முடியைப் பிடிப்பார்கள். கடித்தால் நாம் கையை வெடுக்கென்று இழுப்போம். சதை பிய்வது அதனால்தான். இழுக்காமல் கையை வாய்ப்பக்கமாகவே மெல்ல அழுத்தினால் பல் தானாக விடும். முடியைப் பிடித்தால் அந்தக் கையை நம் தலையோடு சேர்த்து அமுக்கிக்கொள்ள வேண்டும். தோல் கிழிந்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆயாக்கள் தாலிச் செயினை ரவிக்கைக்குள் போட்டுப் பின் குத்திக்கொள்வார்கள்; ஜிமிக்கியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார்கள்.

ஆனால் அதைவிட உபயோகமாக இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. பேச்சு வராத ஒரு பையன் வாரம் மூன்று நான்கு தடவை கடித்துக்கொண்டிருந்தான். எப்போது கடித்தான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் எழுதினோம். எல்லாம் பதினொன்றரை மணி வாக்கில். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை; குக்கர் விசில் அடிக்கிற நேரம். அவனை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றியதும் கடி அநேகமாக நின்றுபோனது. இன்னொரு பெண்ணுக்குச் சொத்தைப்பல். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

மஞ்சள் காமாலை ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். 1960களில் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் பொருளைக் கண்டார். அதையே பெரிய விடுதிகளில் வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் அதிகமாகப் பார்த்தார். வீட்டில் வளர்ந்தவர்களிடம் குறைவு. ஆகவே அது டவுன் சிண்ட்ரோமால் வந்ததல்ல, விடுதி நெரிசலில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. அவர் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கே அது வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இப்படித்தான் பிடிபட்டது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரத்தம் வழியாகப் பரவும் நோய் என்பதால், இப்படிப்பட்ட விடுதி ஊழியர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி அவசியம்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம் நாட்டிலேயே இதைத் தயாரித்த பிறகு விலை வெகுவாக இறங்கியது. ஆனாலும் எங்கள் நிர்வாகம், "டொனேஷன் வருவது பிள்ளைகளுக்காக" என்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடைக்காரர் கொள்முதல் விலைக்கே கொடுத்தார். டீச்சர்கள் பணம் போட்டு ஏழு ஆயாக்களுக்கும் போட்டோம்.

வலிப்பு பற்றி ஒரு வார்த்தை. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துணி வைத்து, மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. வாய்க்குள் விரலையோ ஸ்பூனையோ விடவே கூடாது. எங்கள் ஆயா ஒருவருக்கு அதில் விரல் நகம் போயிற்று.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. என் வயதுத் தாய்மார் சிலர் நாற்பது வயதுப் பிள்ளையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். படுத்துவிட்ட கணவரைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் ஒருநாள் போய்க் கேளுங்கள். தேசிய அறக்கட்டளை 'சஹ்யோகி' என்ற பெயரில் பராமரிப்பாளர்களுக்கென்றே பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. பலகை செய்ய ஆசாரி போதும்.

போன தைப்பொங்கலுக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது கம்பை ஊன்றி நடக்கிறார். மகள் வீட்டில் இருக்கிறார். ரேஷன் அரிசியும் முதியோர் பென்ஷனும். அந்தப் பையனைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"இப்ப என்ன எடை இருப்பான் டீச்சர்?"

"அறுபது தாண்டிட்டான்க்கா."

"யாரு தூக்குதா?"

தூக்குவதில்லை, பலகையில் வழுக்கிப் போகிறான் என்றேன். நம்பவில்லை. எப்படி என்று காட்டச் சொன்னார். அவர் மகளின் சப்பாத்திப் பலகையை வைத்துக் காட்டினேன்.